"தேர்தல் முடியட்டும்" என்பது ஒரு தவணையா?

வீடு வாங்குவதும் விற்பதும் பேசப்படும் இடங்களில், பொதுத் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் ஒரு சொல் தவறாமல் ஒலிக்கிறது: "தேர்தல் முடியட்டும், பார்க்கலாம்." தரகர் சொல்கிறார்; வாங்க வந்தவர் சொல்கிறார்; விற்பவரும் சொல்கிறார். குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்ல நினைத்த வீட்டுக்காரரும் அதையே சொல்லித் தள்ளிப்போடுகிறார். மழை விடட்டும், நோன்பு முடியட்டும் என்பதைப் போல இதுவும் ஓர் இயல்பான பேச்சாகவே நமக்குப் படுகிறது. ஆனால் அந்த ஒரு சொல்லை நம்பி ஒரு குடும்பம் வீடு மாறக் காத்திருக்கும்போதுதான் அதன் எடை தெரிகிறது.

தேர்தலுக்கும் வீட்டு விலைக்கும் உண்மையில் என்ன தொடர்பு? எதற்காகக் காத்திருக்கலாம், எதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை? காத்திருப்பவர் தம் எதிரில் நிற்பவருக்குச் செய்ய வேண்டிய கடமை என்ன? வாணியம்பாடியில் இரண்டு நாடாளுமன்றத் தேர்தல்களின்போது வீட்டுப் பேச்சில் ஈடுபட்ட அனுபவத்தையும், பாடம் நடத்தும் நூல்களில் கற்றதையும் சேர்த்து இதனை எழுதுகிறோம்.

முதலில் பணத்தைப் பற்றிப் பேச வேண்டும். தேர்தல் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து நடத்தை விதிகள் நடைமுறைக்கு வருகின்றன. உரிய ஆவணமின்றி 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் எடுத்துச் சென்றால் பறக்கும் படையினர் பிடித்து வைப்பார்கள். சொத்துப் பதிவுக்கு எந்தத் தடையும் இல்லை. சார்பதிவாளர் அலுவலகம் வழக்கம்போல் திறந்தே இருக்கும். ஆயினும் பத்திரப் பதிவு குறைகிறது. காரணம் நாம் அனைவரும் அறிந்ததே. நம் ஊர்களில் நடக்கும் கிரயங்கள் பலவற்றில் பத்திரத்தில் எழுதும் தொகை ஒன்று, கைமாறும் தொகை வேறொன்று. அந்த இரண்டாவது தொகை ரொக்கமாகப் பயணம் செய்ய வேண்டியிருக்கிறது; தேர்தல் காலத்தில் அதற்கு வழி அடைபடுகிறது. அசையாச் சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2015 முதல் தடுத்திருக்கிறது. மீறினால் அதே அளவு தொகை அபராதமாக விழலாம். சட்டம் ஆண்டு முழுவதும் இருக்கிறது. அச்சம் மட்டும் தேர்தலோடு வந்து தேர்தலோடு போய்விடுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. தேவேஷ் கபூர், மிலன் வைஷ்ணவ் என்ற இரு ஆய்வாளர்கள் இந்திய மாநிலங்களின் மாதாந்திர சிமெண்ட் பயன்பாட்டைத் தேர்தல் நாட்களோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். சட்டமன்றத் தேர்தல் நடக்கும் மாதத்தில் சிமெண்ட் பயன்பாடு குறைவதைக் கண்டனர். கட்டுமானத் தொழிலில் இருக்கும் கணக்கில் வராப் பணம் அந்நாட்களில் தேர்தல் செலவுக்குத் திரும்புகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். இதைப் படித்தபோது எங்களுக்கு வியப்பு ஏற்படவில்லை. 2019-இல் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே அதனைக் கேட்டிருந்தோம்.

அவ்வாண்டு பிப்ரவரியில், நாங்கள் பல ஆண்டுகளாக வாடகைக்குக் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் வந்தார். "ஹஜ்ரத், இந்த வீட்டை விற்கலாம் என்றிருக்கிறேன். வெளியாரிடம் சொல்லும் முன் உங்களிடம் கேட்கிறேன்" என்றார். ஷவ்வால் மாதத்தில் அவர் மகளுக்கு நிக்காஹ். பெருநாளுக்குள் பணம் தேவை. அவர் கேட்ட விலை நியாயமானது. வட்டிக் கடன் எங்களுக்கு ஆகாது. கையிருப்போடு, ஆலங்காயம் பக்கத்தில் தந்தையார் விட்டுச் சென்ற சிறு மனையை விற்றால் தொகை சேர்ந்துவிடும். மனையை வாங்கக் கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர் முன்வந்தார். விலையும் படிந்தது. மார்ச் 10 அன்று தேர்தல் அறிவிப்பு வெளிவந்தது. அடுத்த வாரம் வந்தவர், "பணம் வெளியே இருக்கிறது ஹஜ்ரத். எலெக்ஷன் முடியட்டும், மறுவாரமே பத்திரம் போட்டுவிடலாம்" என்று சொல்லி, முன்பணமாக ஒரு சிறு தொகையை நீட்டினார்.

"மே 31 என்று எழுதிக்கொள்ளலாமா?" என்று கேட்டோம். "தேதி மட்டும் கேட்காதீர்கள்" என்றார். நாங்கள் முன்பணத்தை வாங்கவில்லை.

ஏன் வாங்கவில்லை என்பதை விளக்க வேண்டும். கொடுக்கல் வாங்கல் பாடத்தில் தவணை பற்றிய பகுதி ஒன்று உண்டு. விலையைப் பின்னர் தருவதாக ஒப்புக்கொண்டால், அந்தப் "பின்னர்" எந்த நாள் என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும். அறுவடை வரை, ஹாஜிகள் திரும்பி வரும் வரை என்றெல்லாம் தவணை வைப்பதை ஹனஃபி, ஷாஃபிஈ சட்ட நூல்கள் ஏற்பதில்லை. அறுவடை நடக்கும் என்பது உறுதிதான். எந்த நாளில் என்பது உறுதியில்லை. முந்தலாம், பிந்தலாம், அந்த இடைவெளியில் சச்சரவு பிறக்கும். மாலிக்கி அறிஞர்கள் இதனை அனுமதித்திருக்கிறார்கள் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. ஆனால் குர்ஆனின் மிக நீண்ட வசனமே, அல்பகறா அத்தியாயத்தின் 282-ஆவது வசனம், குறித்த தவணையோடு கொடுக்கும் கடனை எழுதிவைக்கச் சொல்கிறது என்பதை நினைத்தால், நாளைக் குறிப்பது எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும். "தேர்தல் முடிந்ததும்" என்பது எங்கள் காதில் "அறுவடை முடிந்ததும்" என்றே ஒலித்தது.

அப்போது பலர் சிரித்தார்கள். அறுவடை வானத்தைப் பொறுத்தது. தேர்தலுக்குத்தான் ஆணையம் நாள் குறித்துவிட்டதே! வாக்குப்பதிவு ஏப்ரல் 18, எண்ணிக்கை மே 23. இதில் என்ன ஐயம்?

ஏப்ரல் 16 அன்று, வாக்குப்பதிவுக்கு இரண்டே நாட்கள் இருக்கையில், வேலூர் நாடாளுமன்றத் தொகுதிக்கான தேர்தல் ரத்து செய்யப்பட்டது. கோடிக்கணக்கான ரூபாய் ரொக்கம் பிடிபட்டதே காரணம். வாணியம்பாடியும் ஆம்பூரும் அத்தொகுதிக்குள் அடங்கியவை. தமிழ்நாட்டின் மற்ற 38 தொகுதிகளும் வாக்களித்தன. மே 23 அன்று நாட்டுக்கே முடிவு தெரிந்தது. புதிய அரசும் பதவியேற்றது. எங்களுக்கு மட்டும் தேர்தல் முடியவில்லை. ஆகஸ்ட் 5 அன்று வாக்குப்பதிவு, 9 அன்று எண்ணிக்கை. ஏப்ரலில் முடிய வேண்டியது ஆகஸ்டில் முடிந்தது. "தேர்தல் முடிந்ததும்" என்று வாக்குக் கொடுத்தவர் எவரும் அந்த மூன்றரை மாதங்களில் தாம் பொய் சொன்னதாக நினைக்கவில்லை. அவர்கள் சொன்ன நாள் இன்னும் வரவில்லை, அவ்வளவே.

எங்களோடு பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவர் தம் வீட்டை அத்தகைய தவணையில் விற்க ஒப்புக்கொண்டு முன்பணம் பெற்றிருந்தார். அதனை அப்படியே வேறொரு வீட்டுக்கு முன்பணமாகக் கொடுத்திருந்தார். அந்த வீட்டுக்கு மூன்று மாதக் கெடு. இங்கே வாங்குபவருக்குத் தேர்தல் முடியவில்லை. அங்கே கெடு முடிந்துவிட்டது. கொடுத்ததில் பாதிதான் திரும்பக் கிடைத்தது.

நாங்கள் சட்டத்தின்படி நடந்தோம் என்பதற்காக எங்களுக்கு வீடு கிடைத்துவிடவில்லை. உரிமையாளரிடம் நிலையைச் சொன்னோம். அவர் ரமளான் பிறக்கும் வரை பொறுத்தார். அதற்கு மேல் பொறுக்க அவருக்கு வழியில்லை. தோல் வணிகர் ஒருவருக்கு விற்றார். மதரசாக்களுக்கு ஷவ்வாலில்தான் புதிய கல்வியாண்டு தொடங்கும்; அம்மாதத்தில் ஊரின் மறுபக்கத்தில் வேறொரு வாடகை வீட்டுக்கு நாங்கள் குடிபெயர்ந்தோம். பிள்ளைகளுக்குப் பள்ளி தூரமாயிற்று. தாயாருக்கோ பள்ளிக்கூடத்தைவிடப் பெரிய இழப்பு: காலையில் எட்டிப் பார்க்கும் அண்டை வீட்டுப் பெண்கள், நோன்புக் கஞ்சி மாறிமாறிப் போகும் சுவர்கள். வீட்டை விலையால் மட்டும் அளப்பவருக்கு இது கணக்கில் வராது.

தேர்தல் முடிந்த ஆறாம் நாள், ஆகஸ்ட் 15 அன்று, வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்படும் என முதலமைச்சர் அறிவித்தார். நவம்பர் 28 அன்று திருப்பத்தூர் தனி மாவட்டமாயிற்று. வாணியம்பாடி அதில் சேர்ந்தது. ஆட்சியர் அலுவலகம் எங்கே வரும், எந்தச் சாலை அகலமாகும் என்ற பேச்சு எல்லா டீக்கடைகளிலும் நிறைந்தது. நேற்று வரை புல் முளைத்துக் கிடந்த நிலத்துக்கு இன்று "மாவட்டத் தலைநகர் அருகில்" என்று பலகை வைத்தார்கள். வாங்கும் எண்ணமே இல்லாதவர் விலையை ஏற்றிக் கேட்டு மற்றவரை ஏமாற்றுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். நஜ்ஷ் என்று அதனைக் கற்பிக்கிறோம். "இன்னொருவர் அதிகம் கேட்கிறார்" என்று இல்லாத ஆளைக் காட்டும் தரகர் அதில்தான் நிற்கிறார். வராத அலுவலகத்தைக் காட்டி விலையேற்றுபவர் அதிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதை அவரவர் மனசாட்சியிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

அரசின் வாக்குறுதி மீது மட்டுமே நிற்கும் விலைக்குத் தேர்தல் என்ன செய்யும் என்பதைப் பார்க்க நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. எங்கள் ஊருக்கு மேற்கே மலையைத் தாண்டினால் ஆந்திராவின் குப்பம்; சந்திரபாபு நாயுடுவின் தொகுதி. 2014-இல் அவர் முதலமைச்சரானபின் குண்டூர் மாவட்டத்தில் அமராவதி என்ற புதிய தலைநகர் திட்டமிடப்பட்டது. 29 கிராமங்களின் விவசாயிகள் 33,000 ஏக்கருக்கும் அதிகமான நிலத்தை அரசிடம் ஒப்படைத்தார்கள். பதிலாக வளர்ச்சியடைந்த மனைகள் தருவதாக வாக்கு. 2015 அக்டோபர் 22 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். நிலத்தின் விலை வானேறியது. 2019-இல் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்த்து நடந்த தேர்தலில் ஆட்சி மாறியது. அவ்வாண்டு டிசம்பரில் ஜெகன்மோகன் ரெட்டி மூன்று தலைநகர் யோசனையை அறிவித்தார். எழும்பிய கட்டடங்கள் பாதியில் நின்றன, விலை சரிந்தது. 2024 ஜூன் 4 அன்று நாயுடுவின் கூட்டணி வென்றதும் அதே நிலத்தின் விலை மீண்டும் ஏறத் தொடங்கியது. மண் மாறவில்லை, கிருஷ்ணா நதி இடம் மாறவில்லை. மாறியது ஆட்சி மட்டுமே.

குண்டூர் மிளகாய்ச் சந்தையில் கணக்கெழுதும் எங்கள் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் சொன்னது நினைவில் நிற்கிறது. துள்ளூரில் 2018-இல் ஓர் அறை வாடகைக்குக் கிடைப்பதே அரிதாம். இரண்டாண்டுகள் கழித்து, "வாடகை குறைத்துத் தருகிறோம், வந்து இருங்கள்" என்று வீட்டுக்காரர்களே அழைத்தார்களாம். பொறியாளர்களுக்காகக் கடன் வாங்கி மாடி மேல் மாடி எழுப்பியவர்கள் அவர்கள். மதுரைக்கு அருகே தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரி 27 அன்று, அத்தேர்தலுக்குச் சற்று முன், அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டுமானப் பணி தொடங்கியது 2024-இல், அடுத்த தேர்தலுக்குச் சற்று முன். நடத்தை விதிகள் வந்துவிட்டால் புதிய அறிவிப்புகளுக்கு இடமில்லை என்பதால், அடிக்கற்கள் அதற்கு முந்தைய வாரங்களில் நெருக்கமாக விழுகின்றன. அடிக்கல்லை நம்பி மனை வாங்குபவர் இதனைக் கணக்கில் கொள்வது நல்லது.

2024 வந்தது. மார்ச் 16 அன்று, ரமளானின் முதல் வாரத்தில், தேர்தல் அறிவிப்பு வெளியாயிற்று. தமிழ்நாட்டுக்கு வாக்குப்பதிவு ஏப்ரல் 19, பெருநாள் முடிந்த எட்டாம் நாள். ஆனால் நாடு முழுவதும் ஏழு கட்டம். முடிவு ஜூன் 4. எங்கள் மனைக்கு அப்போது வேறொருவர், சொந்தமாக வீடு கட்ட விரும்பிய பள்ளி ஆசிரியர், விலை பேசியிருந்தார். பழைய தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு சிறிய வீடும் விற்பனைக்கு வந்தது. தரகர், "ஜூன் 4 வரை பொறுங்கள் ஹஜ்ரத், விலை இறங்கும்" என்றார். இன்னொருவர், "இப்போதே முடியுங்கள், பிறகு ஏறிவிடும்" என்றார். இருவரும் ஒரே தேர்தலைத்தான் காட்டினார்கள்.

அமர்ந்து யோசித்தோம். பத்திரச் செலவு தேர்தலால் மாறுமா? முத்திரைத் தீர்வையும் வழிகாட்டி மதிப்பும் மாநில அரசின் கையில் இருப்பவை. 2017-இல் வழிகாட்டி மதிப்பை 33 விழுக்காடு குறைத்துப் பதிவுக் கட்டணத்தை 1-இலிருந்து 4 விழுக்காடாக உயர்த்தினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய நிலைக்கு உயர்த்திக் கட்டணத்தை 2 விழுக்காடாகக் குறைத்தார்கள். இரண்டும் நாடாளுமன்றத் தேர்தல் ஆண்டுகள் அல்ல. வங்கி வட்டி மாறுமா? கடன் வாங்குவோருக்கு அது கவலை. ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதமோ 2023 பிப்ரவரியிலிருந்து 2025 பிப்ரவரி வரை 6.5 விழுக்காட்டிலேயே நின்றது. தேர்தல் அதற்குக் கீழே கடந்து சென்றது. பிள்ளைகளின் பள்ளி ஜூனில் திறக்கும். தாயாரின் வயது ஜூன் 4-க்காகக் காத்திருக்காது. இவையே எங்களுக்குத் தேவையான கணக்குகள்.

இரு தரப்பிலும் நாள் குறித்தோம்: மே 8. தொகை முழுவதும் வங்கி வழியே. பத்திரத்தில் எழுதியதே விலை. பள்ளி ஆசிரியருக்கும் அதுவே வசதியாக இருந்தது; பறக்கும் படையைப் பற்றி எவரும் நினைக்க வேண்டியிருக்கவில்லை. நாட்டின் மற்றப் பகுதிகளில் வாக்குப்பதிவு தொடர்ந்துகொண்டிருந்தபோதே குறித்த நாளில் இரண்டு பத்திரங்களும் பதிவாயின, அல்ஹம்துலில்லாஹ். 2019-இல் கேட்கப்பட்ட விலையைவிட இவ்வீட்டுக்கு அதிகம் கொடுத்தோம். அதற்குக் காரணம் தேர்தல் அல்ல, கடந்துபோன ஐந்தாண்டுகள்.

தேர்தலுக்குப் பின் எதுவுமே மாறவில்லை என்று சொல்ல மாட்டோம். ஜூலை 23 அன்று வந்த முழு நிதிநிலை அறிக்கை, சொத்து விற்பனை ஆதாயத்துக்கு விலைவாசி உயர்வைக் கழித்து 20 விழுக்காடு என்றிருந்த வரியை, அக்கழிவின்றி 12.5 விழுக்காடு என்று மாற்றியது. பழைய பூர்விகச் சொத்தை விற்க நினைத்த பலர் கலங்கினார்கள். எதிர்ப்பு எழுந்ததும் ஆகஸ்டிலேயே திருத்தம் வந்தது: அந்நாளுக்கு முன் பெற்ற சொத்தானால், இங்கு வசிக்கும் தனிநபர் இரண்டில் தமக்குக் குறைவான வரியைத் தரும் முறையைக் கொள்ளலாம். ஆக, அவசரப்பட்டு விற்றவரும் பொறுத்திருந்து விற்றவரும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றார்கள்.

குடிபெயர்பவர் மறக்கும் காரியம் ஒன்று உண்டு. வீடு மாறினால் வாக்காளர் பட்டியலிலும் முகவரியை மாற்ற வேண்டும். அதற்குரியது படிவம் 8. எரிவாயு இணைப்பையும் குடும்ப அட்டையையும் முதல் வாரமே மாற்றும் நாம் இதனைத் "தேர்தல் வரும்போது பார்க்கலாம்" என்று விட்டுவிடுகிறோம். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கி, வீடு வீடாகப் படிவம் வந்தபோது, பழைய முகவரியிலேயே பெயரை விட்டுவைத்திருந்தவர்கள் பட்ட பாட்டைக் கண்டோம். இடம் பெயர்ந்தவர் என்பதே ஒரு பெயரை நீக்கப் போதுமான காரணம். புதிய வீட்டின் சாவியை வாங்கிய வாரத்திலேயே அப்படிவத்தையும் கொடுத்துவிடுங்கள்.

தேர்தலுக்காகக் காத்திருப்பது குற்றமன்று. இலாபத்துக்காக மனை வாங்குபவர் ஆட்சி எப்படி அமைகிறது என்று பார்க்க விரும்பினால் பார்க்கட்டும். அது அவர் பணம், அவர் கணக்கு. குடியிருக்க ஒரு வீடு தேடுபவரோ பள்ளிவாசல், பள்ளிக்கூடம், தண்ணீர், வில்லங்கமற்ற பத்திரம், நல்ல அண்டை வீட்டார் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். இவற்றில் எதுவும் வாக்கு எண்ணும் நாளில் மாறுவதில்லை. பிறருடைய வீட்டையோ மனையையோ பணத்தையோ தம் சொல்லால் கட்டிவைத்துவிட்டுக் காத்திருப்பவர் நிலை வேறு. அவருக்கு ஒரு நாளைக் குறிக்கும் கடமை இருக்கிறது. ஹனஃபி நூல்களில் ஓர் ஆறுதலும் உண்டு: தெளிவற்ற தவணையோடு செய்த வியாபாரத்தில், அந்தக் காலம் வந்து சேருமுன் வாங்குபவர் அத்தவணையைக் கைவிட்டுவிட்டால் அது செல்லுபடியாகும். ஆகவே, இப்போதே எவரிடமேனும் "தேர்தல் முடியட்டும்" என்று சொல்லி வைத்திருந்தால், இன்றே அவரை அழைத்து அச்சொல்லை விட்டுவிட்டு, இன்ன மாதம் இன்ன தேதி என்று சொல்லுங்கள். முடியாதென்றால் முடியாதென்று சொல்லிவிடுங்கள். அவர் வேறு வழி பார்த்துக்கொள்வார். அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலில் பரக்கத் செய்வானாக.